கருங்கல்லும் சுத்தியலும்

மலையேறுவோரின் சரித்திரம் என்றதும் கொடுமுடிகளில் நாட்டப்பெற்ற கொடிகளே நம் நினைவுக்கு வருகின்றன. கையிலிருந்த சுத்தியலைத் தாமே கீழே வைத்தவர்களின் சரித்திரமும் ஒன்றுண்டு. அதனையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே யொசெமிற்றி என்னும் பள்ளத்தாக்கு உளது. அதன் இருமருங்கும் வெண்சாம்பல் நிறக் கருங்கற் சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றுள் எல் கப்பிற்றான் ஏறத்தாழ 900 மீற்றர் உயரமுடையது. 1864 இல் ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தினால் அப்பள்ளத்தாக்கு மக்களின் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்டது.

1933 இல் சியெரா கழகத்தினர் விடுமுறை நாட்களில் அங்கு சென்று, கயிறும் இரும்பு முளையும் கொண்டு பாறையேறத் தொடங்கினர். பாறை வெடிப்பில் முளையை அறைந்து, அதிற் கயிற்றைக் கோத்துக்கொண்டால், கால் வழுக்கினும் உயிர் தப்பலாம். ஆயின் ஐரோப்பாவிலிருந்து வந்த மெல்லிரும்பு முளைகள் இவ்வன்கல்லில் வளைந்து போயின. சுவிற்சர்லாந்தில் பிறந்த கொல்லரான ஜோன் சலாத்தே, 1940களில் உறுதியான உருக்கினால் முளைகளை அடித்தார். அவற்றைப் பிடுங்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

எட்டாதன எல்லாம் எட்டின. வாரன் ஹார்டிங் குழுவினர் 1957 யூலையில் எல் கப்பிற்றானில் ஏறத் தொடங்கி, இடையிடையே இறங்கியும் ஏறியும், 1958 நவம்பர் 12 ஆந் திகதி உச்சியை அடைந்தனர்.

வெற்றி தந்த அவ்வுருக்கே கேட்டையும் விளைத்தது. ஒருவர் அறைந்து பிடுங்கிய இடத்தில் அடுத்தவரும் அறைந்தார். ஒவ்வொரு முறையும் கல் சிறிது உதிர்ந்தது. கத்தி முனையே நுழையக்கூடிய வெடிப்புகள் விரல் நுழையுமளவு அகன்றன. தோலிற் பட்ட காயம் ஆறும். கல்லிற் பட்ட காயம் ஆறாது.

இங்கிலாந்தின் ஏறுவோர் வேறொரு முறையைக் கையாண்டு வந்தனர். வெடிப்பிலே கூழாங்கல்லைச் செருகிக் கயிறு மாட்டினர்; பின்னர் புகையிரதப் பாதையோரம் கிடந்த இரும்புச் சுரைகளையும் அவ்வாறே பயன்படுத்தினர். அடிக்கவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். இதனைக் கண்டு திரும்பிய றோயல் றொபின்ஸ், 1967 இல் தம் மனைவி லிஸ்ஸுடன், முளை ஒன்றேனும் அறையாது யொசெமிற்றியிற் புதிய வழியொன்றில் ஏறிக் காட்டினார்.

அதனினும் பெரிய செயல் ஒன்று பின்னர் நிகழ்ந்தது. ஈவோன் ஷுவினார், ரொம் புறொஸ்ற் என்னும் இருவரும் முளை செய்து விற்றே தொழில் நடத்தியவர்கள். அவர்களே 1972 இல் தமது விலைப்பட்டியலில், முளைகள் பாறையைச் சிதைக்கின்றன என எழுதி, கையாற் செருகும் அலுமினியக் கட்டைகளை முன்வைத்தனர். தம் வருவாயின் வேரையே தாம் அறுத்தனர் எனலாம்.

எந்தச் சட்டமும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஏறும் திறமையாற் பெறும் புகழ் ஒரு தலைமுறைக்கு உரியது. பாறையோ வருந் தலைமுறைகள் யாவற்றுக்கும் உரியது. பொதுப் பொருளைத் துய்ப்போர் அது தேயாவண்ணம் துய்த்தல் வேண்டும் என்னும் அறத்தை அக்கருங்கற் சுவர்களே அவர்களுக்குக் கற்பித்தன.