பாம்பு வந்த வழி: 'அவியல்' குழுவின் 'ஆடு பாம்பே'யும் நெய்யாற்றின்கரை – பாறசாலைப் பாட்டு மரபும்

கேரள ராக் இசையைப் பற்றிய எழுத்துகளில் 'அவியல்' குழுவுக்கு உறுதியான ஓர் இடம் அமைந்துவிட்டது. 2003இல் உருவான அக்குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பை மலையாள ராக்கின் தொடக்கமென்றே பலரும் கொள்கிறார்கள். அதிலுள்ள 'ஆடு பாம்பே' பாட்டுக்குச் சொல்லப்படும் விளக்கமும் இறுகிப்போயிருக்கிறது: மின்கித்தாரும் டிரம்ஸும் மேற்கிலிருந்து வந்தவை, பாட்டோ கேரள நாட்டார் மரபினது, அதில் ஆடுவது சர்ப்பக்காவின் பாம்பு, ஆடச் சொல்வது புள்ளுவனின் குரல். இந்தச் சித்திரத்தில் தொன்மை என்பது ஒரே மொழிக்கும் ஒரே மண்ணுக்கும் உரிய பொருளாக நிற்கிறது. என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. இப்பாட்டின் முதல் கலப்பு, கித்தார் வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே, நெய்யாற்றுக்கும் மருந்துவாழ்மலைக்கும் இடைப்பட்ட இருமொழி நிலத்தில் நிகழ்ந்துவிட்டது என்பது என் துணிபு.

பாட்டின் சொற்கள் ஸ்ரீ நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புள்ளுவன் பாட்டின் வடிவத்தைக் குரு எடுத்தாண்டார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, உடனே ராக் இசைக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புள்ளுவன் பாட்டில் பாம்பு வெளியே இருக்கிறது. காவில் குடியிருக்கும் தெய்வம் அது. புள்ளுவக் குடமும் வீணையும் ஒலிக்க, களம் எழுதி, அதை அழைக்கிறார்கள். அது மெய்யேறி ஆடும்போது களம் அழிகிறது. சர்ப்ப தோஷம் நீங்குவதும் குடும்பம் தழைப்பதும் அந்தச் சடங்கின் நோக்கம். குருவின் பாம்போ உடம்புக்குள் சுருண்டிருப்பது. அதற்குக் களமும் இல்லை, பலியும் இல்லை, தணிக்க வேண்டிய சினமும் இல்லை. வெண்ணீறு பூசிய மேனி, புலித்தோல், சுடுகாடு, வெள்ளிமலை, காமனை எரித்த கண் என்று சிவனின் கோலங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றைக் கண்டு ஆடும்படி பாம்பிடம் சொல்கிறது பாட்டு. தேவாரம் ஓதிப் பழகிய காதுக்கு இந்த வரிசை புதிதல்ல. பாட்டின் பிற்பகுதி, உடல் மெய்யல்ல என்னும் இடத்துக்கு நகர்கிறது. சர்ப்பக்காவின் முன் நின்று உடல் மெய்யல்ல என்று பாடும் புள்ளுவரை நினைத்துப் பார்ப்பது கடினம். வேண்டுதல் முழுவதும் இந்த உடலுக்காக, இந்தக் குடும்பத்துக்காக அல்லவா?

உள்ளே இருக்கும் பாம்பை விளித்து ஆடச் சொல்லும் பாட்டு தமிழில் முன்பே இருக்கிறது. பாம்பாட்டிச் சித்தர் பாடல்களை அறியாத தமிழ் வாசகர் குறைவு. அவருடைய செய்யுள்களின் இறுதியில் நின்று ஒலிக்கும் முத்திரையும் குருவின் பாட்டின் முத்திரையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இந்த ஒற்றுமையைச் சுட்டியவர்கள் உண்டு; ஆனால் அதைத் தற்செயலான எதிரொலியாகவே விட்டுவிட்டார்கள். தற்செயல் என்று நான் கருதாததற்கான சான்று, ஒற்றுமையைவிட வேறுபாடுகளிலேயே மிகுதி.

பாம்பாட்டியின் நூல் கடவுள் வணக்கம், குரு வணக்கம், பாம்பின் சிறப்பு, சித்தர் வல்லபம், பொருளாசை விலக்கல், பெண்ணாசை விலக்கல் என்று பகுதிகளாக விரிவது. அங்கே பேசுபவர் சித்து கைவந்தவர். தம் வல்லமையைப் பாம்புக்கு எடுத்துச் சொல்கிறார். பெண்ணுடலைப் பழிக்கும் பகுதியில் அவர் குரல் கடுமையாகிறது. இந்த வல்லபப் பேச்சும் இந்தப் பழிப்பும் குருவின் பாட்டில் இல்லை. அங்கே உமையைத் தன்னுள் சேர்த்த சிவனே வழிபடப்படுகிறான். முத்திரையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தாங்கி நின்ற பொருளில் இரண்டு பெரும் பகுதிகளை மட்டும் விட்டுவிடுவது, மூலத்தை நன்கறிந்த ஒருவர் செய்த தேர்வாகவே எனக்குப் படுகிறது. பொதுவான பாம்பாட்டிகளின் மகுடிப் பாட்டிலிருந்து முத்திரை மட்டும் மிதந்து வந்திருந்தால், யோகப் பொருள் இத்தனை பொருத்தமாக அதனுடன் சேர்ந்து வந்திராது.

யாப்பு இன்னொரு படி உள்ளே கூட்டிச் செல்கிறது. பாம்பாட்டியின் செய்யுள் நாலடி. குருவின் பாட்டு, பல்லவி போன்ற ஒரு தொடக்கத்துக்குப் பின் இரண்டடிக் கண்ணிகளாக ஓடுகிறது; விளி பெரும்பாலும் கண்ணியின் கடைசியில் வந்து விழுகிறது. கண்ணியை இப்படி விளியால் பூட்டுவது சித்தர் பாடல்களில் பரவலான வழக்கம். குதம்பைச் சித்தர், அகப்பேய்ச் சித்தர் ஆகியோருக்கு அந்தப் பெயரே அவர்கள் விளித்த விளியால் வந்தது. ஆக, பாம்பாட்டியின் விளியைக் குதம்பையின் அடியளவில் பொருத்தியிருக்கிறார் குரு. தனியொரு பாட்டை மட்டும் எங்கோ கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவர் இதைச் செய்ய மாட்டார். சித்தர் பாடல்களின் வகைமைக்குள் புழங்கியவர்தான் செய்வார். எதுகையை நான் சான்றாகக் கொள்ளவில்லை. மலையாளத்தின் துவிதீயாட்சரப் பிராசமும் அதுவேயாதலால் அது எந்தப் பக்கமும் சாயாது. முத்திரைச் சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாயிருப்பதும் அவ்வாறே. என் வழக்கு வடிவத்தையும் விலக்கப்பட்ட பொருளையும் மட்டுமே நம்பியிருக்கிறது.

புழக்கத்துக்கான வழியும் மறைவானதன்று. குருவுக்கு யோகம் பயிற்றிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909) தமிழ்ச் சைவ மரபினர். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் பணியாற்றியவர். குருவை அவரிடம் அழைத்துச் சென்றவர் சட்டம்பி சுவாமிகள் என்பர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையில் குரு தவமிருந்தார். 1888இல் நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புரத்தில் சிவலிங்கமாக நிறுவினார். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றினார். 'ஒழிவிலொடுக்க'த்தையும் திருக்குறளின் ஒரு பகுதியையும் மலையாளத்தில் பெயர்த்தார். மருந்துவாழ்மலையிலிருந்து அருவிப்புரத்துக்கு வரும் இயல்பான வழி நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. 'குண்டலினிப் பாட்டு' அருவிப்புரக் காலத்தது என்பது பொதுவான கருத்து. அக்காலக் கணிப்பு சில ஆண்டுகள் முன்பின் நகர்ந்தாலும் வாதம் அசையாது. அய்யாவின் தொடர்பும் மலைவாசமும் அதற்கு முந்தியவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வழியிலுள்ள ஊர்கள் வெறும் நடைபாதையாக இருந்திருக்கவில்லை. பாறசாலையிலும் வெள்ளறடையிலும் களியக்காவிளையிலும் இசக்கிக்கும் சுடலைக்கும் கொடை கழிக்கும் கோவில்களில் வில்லடித்துப் பாடியதைத் தமிழர் வில்லுப்பாட்டு என்றும் மலையாளிகள் வில்லடிச்சான் பாட்டு என்றும் சொன்னார்கள். அண்ணாவி ஓர் அடியைப் பாட, வலத்தேயும் இடத்தேயும் இருப்பவர்கள் அதன் வாலைப் பிடித்துத் திரும்பச் சொல்வார்கள். குடமும் உடுக்கையும் அந்தத் திரும்பலைத் தாங்கும். 'இரவிக்குட்டிப் பிள்ளை போர்' தமிழ்க் கதைப்பாடலாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. மலையாள இலக்கிய வரலாறோ அதையே 'தெக்கன் பாட்டு' என்று தன் கணக்கில் சேர்த்திருக்கிறது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டைப் பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் மொழியெல்லை ஊருக்கு நடுவே ஓடவில்லை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்குப் பிறகு எழுந்த ஆய்வுகள் இந்த நிர்வாகக் கோட்டைப் பாட்டுகளின் மேலும் இழுத்துவிட்டன. இது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். ஒரே கொடையில் பாடப்பட்ட கதைகள் இரண்டு மாநிலத்து நூலகங்களில் இரண்டு இனங்களாகப் பிரிந்து கிடக்கின்றன.

விளியைக் கூட்டமாக வாங்கித் திரும்பச் சொல்லும் இந்தப் பழக்கம்தான் சித்தர் பாட்டின் முத்திரையை அந்நிலத்தில் எளிதில் வேர்பிடிக்கச் செய்திருக்கும் என்று கருதுகிறேன். இது ஊகம், ஆனால் பாட்டு ஏன் மடங்களுக்குள் அடங்காமல் பள்ளிப் பிள்ளைகள்வரை பரவியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என் கண்ணில் படவில்லை.

இனி ராக்குக்கு வரலாம். மரபையும் ராக்கையும் சேர்த்த குழுக்களைப் பேசும்போது உலகெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்படுவது கெல்டிக் ராக். டப்ளினில் 1970இல் உருவான 'ஹார்ஸ்லிப்ஸ்' குழு, பழைய அயர்லாந்துக் காப்பியம் ஒன்றை எடுத்து 1973இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதிலுள்ள 'டியரக் டூம்' பாட்டின் கித்தார் அடி, ஓ'நீல் படைநடை என்னும் மரபு மெட்டிலிருந்து வந்தது. பாடப்பட்ட ஆங்கிலச் சொற்கள் புதியவை. பிரெத்தான் இசைஞர் ஆலன் ஸ்டிவெலின் கதை இன்னும் நுட்பமானது. 1972இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் அவர் மீட்டெடுத்துக் காட்டிய பிரெத்தான் யாழ் மரபு இடையில் அற்றுப்போயிருந்தது. 1953இல் அவருடைய தந்தை ஒரு யாழைச் செய்து தந்த பிறகே அவர் கையில் அது உயிர்பெற்றது. இரு இடத்திலும் மரபு என்று மேடைக்கு வந்தது முதன்மையாக மெட்டும் வாத்தியமும்.

கேரளத்தில் இதற்கு நேரான ஒப்பு, 'அவியல்' தொகுப்பு வந்த அதே 2008இல் கொச்சியின் 'மதர்ஜேன்' வெளியிட்ட 'மக்தூப்'. அதில் கித்தார் கர்நாடக இசையின் கமகங்களைத் தேடுகிறது; சொற்கள் ஆங்கிலம். 'ஆடு பாம்பே'யில் நிலை தலைகீழ். மெட்டு புதிது, ஒலி புதிது. கைமாறி வந்தது சொல்லும் அதன் திரும்பலும். ஆகவே கெல்டிக் ராக்கிலிருந்து கடன்வாங்கிய அளவுகோலால், அதாவது மெட்டில் எத்தனை பங்கு மரபு என்று அளந்தால், இப்பாட்டில் அகப்படுவது மிகக் குறைவு. புள்ளுவன் பாட்டை வலிந்து கொண்டுவந்தவர்கள், அந்த அளவுகோல் காட்டிய வெற்றிடத்தை நிரப்பவே அதைக் கொண்டுவந்தார்கள் என்று தோன்றுகிறது.

ராக் பாட்டின் உடலை ஆக்குவது கித்தாரின் திரும்பத் திரும்ப வரும் அடி. அதன்மேல் ஏறிப் பயணிக்க, குறுகிய, அழுத்தமான, எத்தனை முறை சொன்னாலும் தேயாத ஒரு தொடர் வேண்டும். பெரும்பாலான குழுக்கள் அதைப் புதிதாக எழுதிக்கொள்கின்றன. இங்கே கண்ணிதோறும் வந்து விழும் விளி ஆயத்தமாக இருந்தது. தாளமும் பாஸ் கித்தாரும் அதன் வரவை எதிர்பார்த்து அமைகின்றன. வில்லுக்குப் பக்கத்தில் இடத்தே இருந்து அடியை வாங்கியவர் செய்த வேலையை ராக் மேடையில் குழுவும் கூட்டமும் சேர்ந்து செய்கின்றன. பாட்டைப் பழைமையோடு சேர்க்கும் கண்ணி அந்தத் திரும்பலில் இருக்கிறது. அதை உருவாக்கியது சித்தர் மரபு. மலையாளத்துக்குக் கொண்டுவந்தவர் அருவிப்புரத்துக் குரு.

குழுவினர் பாம்பாட்டிச் சித்தரை அறிந்திருந்தார்களா என்று கேட்கப்படலாம். அது இந்த வாதத்தைத் தொடுவதில்லை. வடிவம் தன்னைச் சுமப்பவரிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. இப்படிச் சொல்வது மலையாளப் பாட்டொன்றைத் தமிழுக்கு உரிமை கோருவதாகாதா என்ற கேள்வியும் எழும். ஆகாது. பாம்பாட்டி சொன்னதில் பாதியை விலக்கி, அடியளவை மாற்றி, வல்லபத்தைப் பேசிய குரலை வழிபடும் குரலாக்கிய செயல் குருவினுடையது. அது நிகழ்ந்த மொழி மலையாளம். அந்தச் செயலின் அளவு, மூலம் எது என்று தெரிந்தால்தான் தெரியவரும். புள்ளுவன் பாட்டை மூலமாக்கும் விளக்கத்தில் குரு ஒரு நாட்டார் வடிவத்துக்குள் வேதாந்தத்தை ஊற்றியவர் ஆகிவிடுகிறார். சித்தர் மரபை மூலமாகக் கொண்டால், தமக்கு முந்திய ஒரு யோகியின் நூலை வாசித்து, அதிலுள்ள பெண் பழிப்பை ஏற்க மறுத்துத் திருத்தி எழுதிய கவிஞராக அவர் தெரிகிறார். 2008இல் கித்தாரோடு ஒலித்ததும் அந்தத் திருத்தப்பட்ட பாட்டுத்தான்.