வீட்டு அடுப்பில் திருநெல்வேலி அல்வா

தென்காசிப் பக்கத்தில், அதிலும் இலத்தூர் மாதிரி ஊர்களில், யாராவது ஒருவர் திருநெல்வேலிக்குப் போய்வந்தால் பையில் என்ன இருக்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நெய் கசிந்த பொட்டலம், உள்ளே அல்வா. அதைக் கடையில்தான் வாங்கவேண்டும், வீட்டில் செய்தால் வராது என்பது எழுதப்படாத சட்டம். ஏன் வராது என்று கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்: "தாமிரபரணித் தண்ணி இல்லாம அந்த ருசி வராதுல்லா!"

இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை? தெரிந்துகொள்ள திருநெல்வேலிக்குப் போகத் தேவையில்லை. எதிர்த்திசையில் போகவேண்டும். இலத்தூர் விலக்கில் மதுரை சாலையைப் பிடித்து வடக்கே போனால் கடையநல்லூர் வரும். அதையும் தாண்டினால் சொக்கம்பட்டி. திருநெல்வேலி அல்வாவின் கதை இந்த ஊரில்தான் ஆரம்பிக்கிறது.

சொக்கம்பட்டி பழைய பாளையங்களில் ஒன்று, பிறகு ஜமீன். அந்த ஜமீன்தார் ஒருவர் காசிக்கு யாத்திரை போனார், அங்கே அல்வா சாப்பிட்டார், அந்த ருசியை மறக்கமுடியாமல் அதைச் செய்யத் தெரிந்தவர்களையே ஊருக்கு அழைத்து வந்துவிட்டார் என்பது பல தலைமுறையாகச் சொல்லப்படும் செவிவழிச் செய்தி. அப்படி வந்தவர்கள் வடக்கத்தி ராஜபுத்திரக் குடும்பத்தார். முதலில் அரண்மனைச் சமையலறையில் அல்வா கிண்டினார்கள். பின்னால் திருநெல்வேலிக்கு நகர்ந்து கடை போட்டார்கள். ஜெகன்சிங்கின் லட்சுமி விலாஸ் 1882ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கிருஷ்ணசிங் குடும்பத்தாரின் கடை 1900 வாக்கில் வந்தது. பெயர்ப்பலகை இல்லை, வெளிச்சமும் இல்லை, சாயங்காலம் மட்டும் வியாபாரம். ஜனங்களே வைத்த பெயர் இருட்டுக்கடை.

(பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்குத் தென்காசியில் 1446ல் கோயில் கட்டத் தொடங்கினான். சில நூற்றாண்டு கழித்து அதே வட்டாரத்து ஜமீன்தார் காசி அல்வாவைக் கொண்டுவந்தார். அவரவர் பக்தி அவரவர்க்கு!)

இந்தக் கதையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கடையில் தின்ற பண்டத்தை வீட்டில் செய்து தின்னவேண்டும் என்று ஆசைப்பட்ட முதல் ஆள் அந்த ஜமீன்தார்தான்! இன்றைக்கு யூடியூப் பார்த்து "கடை ஸ்டைல் அல்வா" கிண்டுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. ஒரே வித்தியாசம், அவர் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவில்லை. செய்கிற ஆட்களையே கூட்டி வந்தார்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். சொக்கம்பட்டி தாமிரபரணிக் கரையில் இல்லை. அந்தப் பக்கத்து ஆறு கருப்பாநதி. அந்தத் தண்ணீரெல்லாம் சிற்றாற்றோடு சேர்ந்து, சீவலப்பேரியில்தான் தாமிரபரணியில் கலக்கிறது. சீவலப்பேரி திருநெல்வேலியைத் தாண்டிக் கீழே இருக்கிறது. அதாவது சொக்கம்பட்டித் தண்ணீரும் குற்றாலத்துத் தண்ணீரும் அல்வா ஊரைத் தொடாமலேயே கடலுக்குப் போகின்றன. செவிவழிக் கதையை நம்பினால், இந்தச் சீமையின் முதல் அல்வா தாமிரபரணித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கிண்டப்பட்டது என்பதையும் நம்பியாகவேண்டும். அதற்கு முன்னால் காசியில் கங்கைத் தண்ணீரில் கிண்டியிருப்பார்கள்.

தண்ணீருக்கு ருசியில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உப்புத் தண்ணீரில் எந்தப் பலகாரமும் உருப்படாது. ஆனால் கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் வீட்டுக் குழாயில் வருவது அதே ஆற்றுத் தண்ணீர்தானே. அங்கேயும் வீட்டு அல்வா கடை அல்வா ஆகிவிடவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்காரர்களும் இதே தாமிரபரணியைத்தான் காரணம் காட்டுகிறார்கள். (அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) ஆற்றைப் புகழ்வது நல்லதுதான். ஆனால் அந்தப் புகழ்ச்சியில் அடுப்படியில் நின்ற ஆள் காணாமல் போய்விடுகிறார்.

அல்வா என்பதே அரபுச் சொல். இனிப்பு என்றுதான் பொருள். 10ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் நகரத்துச் சமையல் நூல்களில் அந்த வகைப் பண்டங்கள் இடம்பெற்றன. பாரசீகம் வழியாக வட இந்தியாவுக்கு வந்து ரவை, பருப்பு, கேரட் என்று என்னென்னவோ ஆனது. திருநெல்வேலிக்கு வந்தது அதில் ஒரு கிளை மட்டும், கோதுமைப் பால் அல்வா.

செய்முறையில் ரகசியம் ஒன்றும் கிடையாது. கோதுமையை (சம்பா கோதுமை என்றால் விசேஷம்) இரவெல்லாம் ஊறவைத்து, நன்றாக அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து பால் எடுக்கவேண்டும். தேங்காய்ப்பால் எடுப்பது போலவேதான், இரண்டு மூன்று முறை பிழிந்து, துணியில் வடிகட்டி, சக்கையைத் தள்ளிவிடவேண்டும். பாலைப் பல மணி நேரம் அசையாமல் வைத்தால் கெட்டியான பகுதி அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்துவிடவேண்டும். அதற்குள் பால் லேசாகப் புளித்தும் இருக்கும். பிறகு சீனிப்பாகில் இந்தப் பாலை ஊற்றிக் கிண்டவேண்டும். ஒரு பங்கு கோதுமைக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சீனி என்று பல கணக்குகள் உண்டு. நெய்யை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் நெய்யைக் குடிக்கும், கடைசியில் கக்கும். கக்க ஆரம்பித்தால் பதம்.

இதற்குள் நடக்கும் விஞ்ஞானமும் சுவாரசியமானது. பிழிந்து வடிகட்டும்போது தவிடு போய்விடுகிறது. கோதுமை மாவுக்குச் சவ்வு மாதிரி இழுவை கொடுக்கும் புரதமும் பெரும்பாலும் சக்கையோடு போய்விடுகிறது. பாலில் எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. 60 டிகிரி சூட்டைத் தாண்டியதும் அது தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகிறது. சீனி கூட இருப்பதால் இந்த வேலை மெதுவாக நடக்கும். பால் புளித்ததில் உண்டான அமிலம் சீனியில் ஒரு பகுதியை உடைத்து, அல்வா ஆறியபிறகு சீனி பூக்காமல் காப்பாற்றுகிறது. அந்தப் பழுப்பு நிறம் சாயப்பொடியால் வரவேண்டியதில்லை. சீனி கருகாமல் சிவக்கும் நிறம் அது. தண்ணீர் வற்ற வற்றக் கூழ் இறுகுகிறது. இனி நெய்யைப் பிடித்துவைக்க முடியாது என்ற நிலையில் நெய் வெளியே வருகிறது. இதில் எந்தக் கட்டத்தையும் அவசரப்படுத்த முடியாது. தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும், கையை எடுத்தால் கட்டி விழும்.

இவ்வளவு தெளிவான செய்முறை ஏன் வெகுகாலம் வீட்டுக்குள் வரவில்லை? ஒவ்வொரு பொருளாகப் பார்த்தால் விடை தெரியும்.

முதலில் கோதுமை. இது நெல் விளையும் பூமி. வீட்டுப் பலகாரம் என்றால் அரிசி, உளுந்து, பாசிப்பயறு: அதிரசம், முந்திரிக்கொத்து, கொழுக்கட்டை. இனிப்புக்குக் கருப்பட்டி, இல்லையென்றால் வெல்லம். வெள்ளைச் சீனியே வெளியிலிருந்து வந்த சரக்குதான், பெயரிலேயே சீனா இருக்கிறது. ஒரிசாவின் அஸ்கா ஊர் ஆலையிலிருந்து வந்ததால் அதை "அஸ்கா" என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. 1932ல் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகுதான் இந்தியாவில் சர்க்கரை ஆலைகள் பெருகின. பத்து வருடத்துக்குள் உலகப்போர் வந்து, 1942ல் சீனிக்கே கட்டுப்பாடு வந்தது. வீட்டில் மூன்று பங்கு சீனி போட்டு அல்வா கிண்டுவது அன்றைக்குச் சாதாரணக் குடும்பத்துக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். கடையில் ஐம்பது கிராம், நூறு கிராம் வாங்கி வாழையிலைத் துண்டில் வைத்துத் தின்னலாம். அது கட்டுப்படியாகும். 1903ல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ரயில் வந்தபிறகு பொட்டலம் ஊருக்கு வருவது இன்னும் சுலபம்.

கோதுமை பரவலாக வீட்டுக்குள் நுழைந்தது ரேஷன் கடை வழியாகத்தான். 1956ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டபிறகு கப்பல் கப்பலாகக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. அரிசிச் சோறு தின்று பழகிய வீடுகளில் அதை என்ன செய்வது என்று முழித்திருப்பார்கள். தோசை, உப்புமா, சப்பாத்தி என்று ஒவ்வொன்றாகப் பழகியது. கோதுமை கைக்கு வந்ததும், அல்வா என்பது கடைக்காரர் மட்டும் செய்யக்கூடியது என்ற நிலை மாற ஆரம்பித்தது. சமையல் குறிப்புகளும் அச்சில் வந்தன. எஸ். மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்" நூலை 1951ல் வெளியிட்டார். கிலோ, கிராம் வருவதற்கு முந்தைய ஆழாக்கு, பலம் அளவுகளில் தொடங்கிய அந்தப் பழக்கம் பிறகு பெண்கள் பத்திரிகைகளின் இலவச இணைப்புகள் வரை வளர்ந்தது.

ஆனால் குறிப்பு அச்சில் வந்துவிட்டால் போதுமா? ஆட்டுரலில் கோதுமை அரைத்துப் பார்த்தவர்களைக் கேட்கவேண்டும். ஊறிய கோதுமை உளுந்து மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடாது, பசை மாதிரி குழவியைப் பிடித்துக்கொள்ளும். கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955ல் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். இட்லிமாவுக்கு வந்த இயந்திரம்தான், ஆனால் கோதுமைப் பாலுக்கும் அதுவே வழிவிட்டது. அது மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்தது, கூடவே மிக்ஸியும் வந்தது, கேஸ் அடுப்பும் வந்தது. விறகடுப்பில் ஒன்றரை மணி நேரம் ஒரே சீராகத் தீ எரிப்பது தனி வேலை என்பது இப்போது பலருக்கு மறந்தே போயிருக்கும்.

அப்படியும் ஒன்று மட்டும் மிச்சம் நின்றது, அதுதான் கிண்டுவது. அரைக்க இயந்திரம் வந்தது, தீ மூட்டக் குமிழ் வந்தது, கிண்டுவதற்கு மட்டும் கைதான். கடையில் உருளிக்கு முன்னால் நீளமான துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆண்கள். வீட்டில் அதே வேலை பெண்ணின் தலையில் விழுந்தது. மற்ற சமையலை முடித்துவிட்டு, தீபாவளிக்கு முந்தைய ராத்திரியில், சம்பளம் இல்லாமல். "வீட்டுல செஞ்சா வராது" என்ற பேச்சுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. ஒருநாள் முழுவதும் ஊறப்போட்டு, பிழிந்து, தெளியவைத்து, தோள் கழன்றுபோகக் கிண்டிய அல்வாவைத் தின்றுவிட்டு "கடை அல்வா மாதிரி இல்லையே" என்று சொல்பவரை என்ன செய்யலாம்? அல்வா கொடுக்கவேண்டியதுதான்!

இந்தக் கஷ்டத்திலிருந்துதான் குறுக்குவழிகள் பிறந்தன. கோதுமைக்குப் பதில் மைதாவைக் கரைத்து ஒரு வழி. சோளமாவைக் கரைத்து இன்னொரு வழி. கோதுமை மாவை நெய்யில் வறுத்துத் தண்ணீர் விட்டு இருபது நிமிடத்தில் ஒரு வழி. இவற்றைக் கேலி செய்யத் தேவையில்லை, சிலவற்றுக்குத் தனிப் பெருமையே உண்டு. கராச்சி அல்வா, பம்பாய் அல்வா என்கிற கண்ணாடி மாதிரி ரப்பர் அல்வா சோளமாவில் வருவதுதான். தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் மஸ்கோத் அல்வாவில் நெய்யே கிடையாது, கோதுமைப் பாலோடு தேங்காய்ப்பாலைச் சேர்த்துக் கிண்டுவார்கள். தேங்காய் எண்ணெயே பிரிந்து நெய்யின் வேலையைச் செய்கிறது. ஆனால் வறுத்த மாவு அல்வாவுக்குத் "திருநெல்வேலி" என்று பெயர் வைப்பது மட்டும் அநியாயம். வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகிற அந்த இழைவு பாலெடுத்தால்தான் வரும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயிலும் பஸ்ஸும் நின்றபோது திருநெல்வேலிப் பொட்டலமும் நின்றது. அப்போது பலர் வீட்டிலேயே கோதுமை ஊறப்போட்டார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் இதை எப்போதோ ஆரம்பித்துவிட்டவர்கள். அவர்கள் ஊர்க் குழாய்களில் தாமிரபரணி ஓடுவதில்லை என்று சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கு பல இனிப்புக் கடைகளில் மோட்டார் வைத்துத் தானாகக் கிண்டும் வாணலிகள் வந்துவிட்டன. கையால் கிண்டும் அல்வாவைப் பார்க்கவேண்டுமென்றால் சில காலத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கும் போல.

அப்படிக் கிண்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் கிலோ கோதுமைக்கு மேல் முதல் தடவை வேண்டாம். பாத்திரம் அடி கனமாக, தேவைக்கு இரண்டு மடங்கு பெரியதாக இருக்கட்டும், கொதிக்கும்போது தெறித்தால் கை பொத்துப்போகும். கிண்ட இன்னொரு ஆள் மாற்றுக்கு இருந்தால் நல்லது. இறக்கியதும் ருசி பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் மறுநாள் வரை பொறுத்திருங்கள். நெய் அதற்குள் அடங்கி, அல்வா தன் பதத்துக்கு வந்திருக்கும்.