நிலவும் தகடும்: 19ஆம் நூற்றாண்டு வான் ஒளிப்படக்கலையில் நிறுவனம் சாரா ஆர்வலர்கள் (1840–1890)

ஆய்வுச் சுருக்கம்

வான் ஒளிப்படக்கலையின் முதல் அரை நூற்றாண்டில் நிகழ்ந்த முன்னேற்றங்களுள் பெரும்பாலானவை, வானாய்வகப் பணியில் இல்லாத ஆர்வலர்களின் சொந்தத் தோட்டங்களிலும் கொட்டகைகளிலும் உருப்பெற்றன. இதனை ஓய்வுநேரப் பொழுதுபோக்கின் தற்செயல் விளைவாகக் கருதும் போக்கு அறிவியல் வரலாற்றெழுத்தில் உண்டு. நிலவையும் விண்மீன்களையும் தகட்டில் பதிப்பதில் எழுந்த தொழில்நுட்பச் சிக்கல்களின் தன்மையே ஆர்வலர்களை முன்னணிக்குக் கொணர்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவர்களது உழைப்பு எவ்வாறு நிறுவனங்களின் உடைமையாயிற்று என்பதும், அம்மாற்றத்தில் யாருடைய பெயர்கள் பின்தள்ளப்பட்டன என்பதும் தொடர்ந்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வான் ஒளிப்படக்கலை, ஆர்வலர், டாகுரோடைப், கொலோடியன் தகடு, உலர் தகடு, நிலவு, வானாய்வகம்.

முன்னுரை

‘அமெச்சூர்’ என்னும் சொல் பிரெஞ்சு மொழிவழி வந்தது. அன்பு செலுத்துபவர் என்பது அதன் வேர்ப்பொருள். பிற்கால வழக்கில் அச்சொல் தேர்ச்சி குறைந்தவர் என்ற பொருளையும் ஏற்றது. இவ்விரண்டாம் பொருளை 19ஆம் நூற்றாண்டின் மீது ஏற்றிப் படிக்கும்போது வரலாறு பிறழ்கிறது. அக்காலத்தில் ஆர்வலர் என்பது ஊதியம் பெறாதவர் என்பதையே குறித்தது. திறமை பற்றிய மதிப்பீடாக அது அமையவில்லை. இக்கட்டுரையில் ‘ஆர்வலர்’ என்னும் சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

சிக்கலின் இயல்பு

1839 ஆகஸ்ட் 19 அன்று டாகுரோடைப் முறையின் விவரங்கள் பாரிசில் பொதுவில் வெளியிடப்பட்டன. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் அம்முறைக்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டது. நிலவோ கண்ணுக்கு ஒளிமிக்கதாகத் தோன்றினும், தகட்டுக்குப் போதிய ஒளி தருவதன்று. தகட்டை நெடுநேரம் திறந்து வைத்தால் மற்றொரு தடை குறுக்கிட்டது. புவியின் சுழற்சியால் வானம் இரண்டு நிமிடங்களில் ஏறத்தாழ அரைப் பாகை நகர்ந்துவிடுகிறது. அரைப் பாகை என்பது நிலவின் முழு விட்டம். மேலும், விண்மீன்களின் பின்னணியில் நிலவு தானும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய தன் விட்டத்தளவு இடம்பெயர்கிறது. ஆகவே ஒளியைச் சேர்க்கக் காலம் வேண்டும். காலம் நீண்டால் உருவம் மங்கும். இம்முரணைத் தீர்ப்பதே நிலவு ஒளிப்படக்கலையின் முதல் அரை நூற்றாண்டு வரலாறு எனலாம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஜான் வில்லியம் டிரேப்பர் 1840இல் 20 நிமிட ஒளிபடு நேரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குல விட்டமுள்ள நிலவின் உருவத்தைப் பெற்றார். அவர் கற்றறிந்த அறிவியலாளர். எனினும் வானியல் அவரது பணித்துறை அன்று. இச்சோதனைக்குத் தேவைப்பட்ட அறிவு வேதியியலிலிருந்து வந்தது என்பது கருதத்தக்கது.

வானாய்வகங்கள் விலகி நின்றமைக்கான காரணம்

கிரீன்விச் முதலிய அரசு வானாய்வகங்களின் கடமை விண்மீன்களின் இருப்பிடங்களை அளப்பதும், கடற்பயணத்துக்குரிய நேரத்தைக் கணிப்பதுமாகும். ஒவ்வோர் இரவின் பணியும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. நூறு தகடுகளைப் பாழாக்கி ஒன்றைப் பெறும் சோதனைக்கு அத்தகைய நாள்முறையில் இடமில்லை. தோல்விக்குக் கணக்குக் காட்டத் தேவையற்றவராலேயே இத்தகைய முயற்சியில் ஈடுபட முடிந்தது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஹார்வர்டு வானாய்வக இயக்குநர் வில்லியம் கிராஞ்ச் பாண்ட், 15 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கியைக் கொண்டு 1850 ஜூலை 17 அன்று வேகா விண்மீனை டாகுரோடைப் தகட்டில் பதியச் செய்தார். ஆயினும், இதில் தகட்டை ஆயத்தம் செய்து உருத்துலக்கியவர் ஜான் ஆடம்ஸ் விப்பிள் என்னும் பாஸ்டன் நகரத் தொழில்முறை ஒளிப்படக்கலைஞர். நிறுவனம் தொலைநோக்கியைத் தந்தது. கைத்திறன் வெளியிலிருந்து வந்தது. எனவே இவ்விதிவிலக்கும் மேற்கண்ட கருத்தை மறுக்கவில்லை.

வாரன் டி லா ரூ: பட்டறையும் தோட்டமும்

பாண்டும் விப்பிளும் எடுத்த நிலவுப் படங்கள் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றைக் கண்டு ஊக்கமுற்றவர் எழுதுபொருள், அச்சுத் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த வாரன் டி லா ரூ (1815–1889). அதே ஆண்டில் பிரெட்ரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் பதியும் இம்முறை டாகுரோடைப்பைவிட விரைவானது. நிமிடங்களில் எண்ணப்பட்ட ஒளிபடு நேரத்தை நிலவுக்கு வினாடிகளாக அது சுருக்கியது.

டி லா ரூ தாமே தேய்த்து மெருகேற்றிய 13 அங்குல உலோக ஆடி அவரது தொலைநோக்கியில் இருந்தது. அதன் குவியத்தொலைவு 10 அடி. நிலவின் உருவம் குவியத்தொலைவில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்காக அமையுமாதலால், தகட்டில் கிடைத்தது சுமார் 1.1 அங்குல விட்டமே. தொடக்கத்தில் கடிகாரப் பொறி இல்லை. தகட்டைத் தாங்கிய சட்டத்தைக் கையால் நகர்த்தி நிலவைத் தொடர வேண்டியிருந்தது. இவ்வாறு தொடர்வதன் அருமையை உணர்ந்து அவர் பணியை நிறுத்திவைத்தார். 1857இல் கிரான்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்து, கடிகாரப் பொறி பொருத்திய பின்னரே முழுமையாகத் தொடர்ந்தார். நிலவு நமக்குக் காட்டும் முகம் சிறிதளவு அசைவதைப் பயன்படுத்தி, வெவ்வேறு நாள்களில் எடுத்த இரு படங்களை இணைத்து, நிலவைத் திரண்ட கோளமாகக் காட்டும் இரட்டைப் படங்களையும் ஆக்கினார். 1862இல் லண்டன் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

கண்ணுக்கான வில்லையும் தகட்டுக்கான வில்லையும்

நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் மோரிஸ் ரதர்ஃபர்டு (1816–1892) வேறொரு தடையை இனங்கண்டார். ஒளிவிலகல் தொலைநோக்கியின் வில்லைகள் கண் கூர்ந்துணரும் மஞ்சள், பச்சை ஒளியைக் குவிக்குமாறு வடிவமைக்கப்பட்டவை. கொலோடியன் தகடோ நீலம், ஊதா ஒளிக்கே மிகுதியும் வினைபுரிவது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த உருவம் தகட்டில் கலங்கியதற்கு இதுவே காரணம். 1864இல் தகட்டுக்கென்றே திருத்தப்பட்ட 11¼ அங்குல வில்லையை அவர் உருவாக்கினார். கண்ணால் நோக்க அது பயன்படாது. 1865 மார்ச்சில் அதன் வழி எடுக்கப்பட்ட நிலவுப் படங்கள் அக்காலத்தின் சிறந்தவற்றுள் வைத்து எண்ணப்பட்டன. பார்ப்பதற்கான கருவி வேறு, பதிவதற்கான கருவி வேறு என்ற பிரிவு இங்கே தோன்றுகிறது.

நாஸ்மித்தின் சுண்ணச் சாந்து நிலவு

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னும், நல்ல தொலைநோக்கியில் கூரிய கண் காணும் நுட்பத்தைத் தகடு எட்டவில்லை. காற்றுமண்டலத்தின் அலைவு தணியும் கணங்களைக் கண் தேர்ந்து பற்றிக்கொள்ளும். தகடோ நல்ல கணத்தையும் கெட்ட கணத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் இதற்கு வியப்பான வழி கண்டார். பல ஆண்டுகள் தொலைநோக்கியில் கண்டு வரைந்த ஓவியங்களைக் கொண்டு நிலவுப் பரப்பின் சாந்து மாதிரிகளைச் செய்தார். அவற்றைக் கதிரவன் ஒளியில் நிறுத்தி ஒளிப்படம் எடுத்தார். ஜேம்ஸ் கார்பென்டருடன் இணைந்து 1874இல் வெளியிட்ட நிலவு பற்றிய நூலில் இப்படங்கள் இடம்பெற்றன.

இதனை ஏமாற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. மாதிரிகளிலிருந்து எடுத்தவை என்பது மறைக்கப்படவில்லை. ஆயினும் ஒளிப்படம் நேர்ச்சான்று என்ற நம்பிக்கையையும், கண்டு வரைந்த கையின் விளக்கத்தையும் அந்நூல் ஒருங்கே பயன்படுத்தியது. சான்று எது, விளக்கம் எது என்ற வினா ஒளிப்படக்கலையுடன் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது.

உலர் தகடும் ஆழ்வானமும்

ஈரத் தகடு காய்வதற்குள் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். எனவே சில நிமிடங்களுக்குமேல் ஒளியைச் சேர்க்க இயலாது. 1871இல் ரிச்சர்டு லீச் மாடக்ஸ் என்னும் மருத்துவர் முன்மொழிந்த ஜெலட்டின் உலர் தகடு இவ்வரம்பை நீக்கியது. நிலவைத் தாண்டி மங்கிய நெபுலாக்களை எட்டுவதற்கு இதுவே வழிவகுத்தது.

ஜான் வில்லியம் டிரேப்பரின் மகனும் மருத்துவம் பயின்றவருமான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிடங்களில் ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். 1883 ஜனவரியில் நலவாழ்வுப் பொறியாளர் ஆண்ட்ரூ அய்ன்ஸ்லி காமன், லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குல ஆடித் தொலைநோக்கியால் அதே நெபுலாவை 37 நிமிடங்களில் பதிவுசெய்தார். அதே தொலைநோக்கியில் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் அத்தகட்டில் தெரிந்தன. நாஸ்மித் காலத்தில் கண்ணுக்குப் பின்தங்கியிருந்த தகடு, மங்கிய பொருள்களைப் பொறுத்தவரை, பத்தாண்டுகளுக்குள் கண்ணை முந்திவிட்டது. 1888இல் கட்டடத் தொழிலில் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஆண்ட்ரோமெடா நெபுலாவின் படம் அதன் சுருள் அமைப்பை வெளிப்படுத்தியது.

நிறுவனமயமாதலும் மறைந்த கைகளும்

வெற்றி உறுதியான பின் நிறுவனங்கள் முன்வந்தன. 1887 ஏப்ரலில் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு வானம் முழுவதையும் படமெடுக்கத் திட்டமிட்டது. ஏறத்தாழ 33 செ.மீ. வில்லை, ஒரே அளவுத் தகடு, ஒரே அளவீட்டு முறை என யாவும் வரையறுக்கப்பட்டன. ஒரு கருவியை ஒருவர் தம் போக்கில் திருத்திப் பார்க்கும் சோதனைக்கு இத்திட்டத்தில் இடமில்லை. பல்லாயிரம் தகடுகளைப் பல பத்தாண்டுகள் அளக்கும் ஆற்றல் தனிமனிதருக்கும் இல்லை.

இவ்விடத்தில் ஆர்வலர் வரலாற்றைப் புகழுரையாக எழுதுவதும் தவறு என்பதைச் சுட்ட வேண்டும். டி லா ரூ, ரதர்ஃபர்டு, காமன், ராபர்ட்ஸ் ஆகியோரின் சுதந்திரம் பொருள்வளத்தின் மீது நின்றது. அத்துடன், ஒரு பெயரின் கீழ் பலரது உழைப்பு அடங்கியது. ஹென்றி டிரேப்பரின் மனைவி அன்னா டிரேப்பர் தகடுகளுக்குக் கொலோடியன் பூசி உடனிருந்து உழைத்தவர். 1882இல் கணவர் மறைந்தபின் அவர் அளித்த நிதியால் ஹார்வர்டில் விண்மீன் நிறமாலை ஆய்வு தொடர்ந்தது. அங்கு அன்னி ஜம்ப் கேனன் வகைப்படுத்திய இரண்டே கால் லட்சம் விண்மீன்களின் பட்டியல் ஹென்றி டிரேப்பரின் பெயரையே தாங்குகிறது. பாரிஸ் வானாய்வகத்தில் தகடுகளை அளந்த பிரிவின் தலைவராக டோரதியா கிளம்ப்கே என்னும் பெண் வானியலாளர் விளங்கினார். ஆர்வலரிடமிருந்து நிறுவனத்துக்குப் பணி மாறியபோதும், தகட்டைக் கையாண்ட பலர் பெயர்ப்பலகைக்கு வெளியிலேயே நின்றனர்.

தென்னிந்தியத் தொடர்பு

ஆர்வலரின் முயற்சி நிறுவனமாவது தென்னிந்தியாவுக்கும் புதிதன்று. 1786இல் கிழக்கிந்தியக் கும்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி எழும்பூரில் அமைத்த சொந்த வானாய்வகமே பின்னர்ச் சென்னை வானாய்வகமாக வளர்ந்தது. ஹைதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கிகளைத் தருவித்து வானாய்வகம் நிறுவினார். அவர் மறைந்தபின் 1908இல் அது நிஜாம் அரசின் பொறுப்புக்கு வந்து, மேற்சுட்டிய பன்னாட்டு வான்படத் திட்டத்தில் தென்வானின் ஒரு பகுதியைப் படமெடுத்து அளக்கும் பணியை ஏற்றது. ஐரோப்பாவில் இரு தலைமுறைகளில் நிகழ்ந்த மாற்றம் இங்கு ஒரே வானாய்வகத்தின் சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது.

முடிவுரை

வான் ஒளிப்படக்கலையில் ஆர்வலர்கள் முன்னின்றமைக்கு மூன்று காரணங்கள் தெளிவாகின்றன: வேதியியல், ஒளியியல், பொறியியல் ஆகியவற்றை ஒரே கையில் இணைக்கும் தேவை, தோல்வியைத் தாங்கும் பொருள்வளம், கடமை அட்டவணையிலிருந்து விடுதலை. இவற்றுள் முதலாவது திறன் சார்ந்தது. மற்றவை சமூக நிலை சார்ந்தவை. இவற்றைப் பிரித்துப் பார்க்காத வரலாறு ஆர்வலரைத் தனித்த மேதையாக்கிவிடும்; நிறுவன ஆவணங்களை மட்டும் நம்பும் வரலாறோ அவரை முன்கதையாகச் சுருக்கிவிடும். இந்திய வானாய்வகங்களின் தகடுகளையும் பதிவேடுகளையும் ஆராய்வோர், படத்தில் பதிந்த விண்மீன்களோடு, அத்தகட்டைப் பூசியவர், துலக்கியவர், அளந்தவர் ஆகியோரின் தடயங்களையும் தேடுவது இவ்வரலாற்றை நிறைவு செய்யும்.