அரபுத் தமிழும் நோட்பேடும்

காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், சமய நூல்களை அரபுத் தமிழில் எழுதினார். மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத ட, ண, ப முதலிய ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளி கூட்டிக்கொண்டனர். அந்நூல்களை வாசிக்க வல்லோர் அருகிவருகின்றனர். அவற்றைத் தமிழ் எழுத்துடன் இணைத்துக் கணினியில் ஏற்ற முனைவோர்க்கு, எதில் தட்டெழுதுவது என்பது அற்பக் கேள்வியன்று.

திஸ்கிக் குறிமுறையின் 256 இடங்களில் தமிழுக்கே பாதிதான். அரபிக்கு ஏது இடம்? உரிய எழுத்துரு இல்லாத கணினியிலோ தமிழும் கிறுக்கலாகிவிடும் (நம்மில் பலர் பட்ட பாடுதான்!). ஒருங்குறி வந்தது. விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துரு இருந்தது. நோட்பேடும் யூடிஎஃப்-8இல் சேமித்தது. இரு எழுத்துகளும் ஒரே கோப்பில் அமர்ந்தன.

நாம் நோட்பேடைப் பரிந்துரைப்பது அதன் வறுமைக்காகவே: எழுத்தன்றி வேறெதுவும் கோப்பில் தங்காது. 2025இல் விண்டோஸ் 11 நோட்பேடில் தடித்த எழுத்தும் புகுந்துவிட்டது. அமைப்பில் அதை அணைத்துவிடலாம். பழைய கணினி வைத்திருப்போர் மட்டும் விழிப்பாயிருக்க வேண்டும். 2019க்கு முந்தைய நோட்பேட், தானாக 'ஆன்சி'யையே தேர்ந்துகொள்ளும். எச்சரிக்கையை மீறி அப்படியே சேமித்தால், மீண்டும் திறக்கையில் ஆலிமின் வரிகள் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகளே நிற்கும்.