நல்ல தண்ணீர் காத்து வைத்த கப்பல்கள்

திண்டுக்கல்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டே வகைதான். ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று உப்புத் தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைந்த தலைமுறை நாம். சில வருடங்களுக்கு முன் மகளைப் பார்க்க அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனபோது மிச்சிகன் ஏரியைப் பார்த்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. கடல் என்று நினைத்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை! நம் திண்டுக்கல் மாவட்டத்தைப் போல ஒன்பது மடங்கு பரப்பு, அத்தனையும் நல்ல தண்ணீர்.

அந்த ஏரிக்கு அடியில் கப்பல்கள் கிடக்கின்றன என்றார் மாப்பிள்ளை. அதன்பின் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

1912 நவம்பரில் ரௌஸ் சிம்மன்ஸ் என்ற பாய்மரக் கப்பல் கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிக்கொண்டு சிகாகோவுக்குப் புறப்பட்டது. 23ஆம் தேதி புயலில் அது ஆபத்துக் கொடியோடு போனதைக் கரையிலிருந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை. 1924இல் கேப்டன் ஹெர்மன் ஷூனமனின் பணப்பை, எண்ணெய்த் துணி சுற்றியபடியே ஒரு மீன்வலையில் வந்தது. கப்பல் மட்டும் கிடைக்கவில்லை. 1971இல் வேறொரு கப்பலைத் தேடி நீரில் இறங்கிய கென்ட் பெல்ரிச்சர்ட் என்பவர், டூ ரிவர்ஸ் என்ற ஊருக்கு அப்பால் சுமார் 170 அடி ஆழத்தில் இதைக் கண்டார். 59 வருடங்களுக்குப் பிறகும் கப்பலுக்குள் மரங்கள் அப்படியே இருந்தன.

காரணம் எளிது. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு உண்டு. குளிர்ந்த நல்ல தண்ணீரில் அது கிடையாது. அதனால்தான் அங்கே இன்றும் தேடுகிறார்கள். பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறார்கள், வலை சிக்கும் இடங்களை மீனவர்களிடம் கேட்கிறார்கள், படகிலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலியால் ஏரியின் அடிப்பகுதியைப் படமெடுக்கிறார்கள். இப்போது அவசரமும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்த க்வாகா என்னும் சிப்பி, மூழ்கிய கப்பல்கள் மேல் அப்பிக்கொண்டு அவற்றை அழிக்கிறது.

இன்னொரு கப்பல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கியது. நான்கே நாளில் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் உடல்கள் 530 அடி ஆழத்திலேயே தங்கிவிட்டன. 1995இல், குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி, கப்பலின் மணியை மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக, 29 பெயர்களையும் பொறித்த புது மணியைக் கீழே வைத்தார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு நம் பெரியாறு ஏரி நினைவுக்கு வந்தது. தேக்கடிப் படகில் போனவர்கள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களைப் பார்த்திருப்பீர்கள். 1895இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அங்கும் நல்ல தண்ணீர்தான், கப்பல் புழு இல்லை.

நிலக்கோட்டைப் பக்கம் பிறந்த என் அப்பத்தா சொல்வார்: அவருடைய பெரியப்பா ஒருவர் அந்த 'மலை வேலை'க்குப் போனாராம், திரும்பவே இல்லையாம். காய்ச்சலிலும் காலராவிலும் பலர் அங்கே மாண்டார்கள். அதே பெரியாற்றுத் தண்ணீர்தான் இன்று பேரணை வழியாக வந்து நம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அப்பத்தா அவரைப் 'பெரியப்பா' என்று மட்டுமே சொன்னார். நானும் பெயரைக் கேட்டுவைக்கவில்லை. தபால் இலாகாவில் 34 வருடம் அடுத்தவர் பெயரையும் விலாசத்தையும் சரிபார்த்தவன், சொந்தக் குடும்பத்தில் ஒரு பெயரைத் தொலைத்துவிட்டேன்.

ஏரி மரத்தைக் காப்பாற்றும், பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படி மலைக்குப் போய் வராதவர் யாராவது உண்டா? பெயர் தெரிந்தால் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.