வைக்கோல் கடதாசியும் மாத்தளைச் சுண்ணாம்பும்



கலேவெல, தம்புள்ளைப் பக்கம் அறுவடை முடிந்தால் வயலிலேயே வைக்கோலை எரிக்கிறார்கள். "இதில கடதாசி செய்யலாமே சேர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்திருக்கிறோம், வாழைச்சேனையில். 1948 முதல் 1953 வரை அமைச்சராக இருந்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் முன்னெடுத்த ஆலைகளில் அதுவும் ஒன்று; பரந்தன் இரசாயன ஆலை இன்னொன்று. பரந்தனில் உப்பிலிருந்து எரிசோடா எடுத்தார்கள். வைக்கோலைக் கூழாக அவிக்க வேண்டியதும் அந்த எரிசோடாதான்.

அவித்த பின் மிஞ்சுவது கருந்திரவம். போட்ட சோடாவில் பெரும்பகுதி அதற்குள்தான் கிடக்கிறது. வற்றவைத்து எரித்தால் சோடியம் காபனேற்று மிஞ்சும். அதைக் கரைத்து நீறிய சுண்ணாம்பு சேர்த்தால் எரிசோடா திரும்பக் கிடைக்கும். நம் மாத்தளைச் சூளைகளில் கல்லைச் சுட்டு எடுக்கிறோமே, அந்தச் சுண்ணாம்புதான் (நம் கல்லில் மக்னீசியமும் கலந்திருப்பது வேறு கதை). மரத்தில் கூழ் செய்யும் பெரிய ஆலைகள் இப்படித்தான் சோடாவை மீட்கின்றன.

வைக்கோலில் அது இலேசாக நடக்காது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காவும் சோடாவில் கரைந்து வந்துவிடும். வற்றவைக்கும் குழாய்களில் அது கல்லாகப் படியும். சுண்ணாம்புச் சேற்றிலும் கலந்து, அதை மறுபடி சுட்டுப் பாவிக்க விடாது. மீட்காவிட்டால் சோடாவுக்கும் காசு, கருந்திரவமும் ஆற்றில். வைக்கோலை நம்பிய எம்பிலிப்பிட்டிய ஆலையின் கழிவு வளவை கங்கையில்தான் போய்ச் சேர்ந்தது.