தமிழ்க் கிறிஸ்தவரிடையே ஓய்வுநாள்

ஆறு நாளில் உலகைச் சிருஷ்டித்த கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்னும் ஆதியாகம வரலாற்றையும், சீனாய் மலையில் மோசே பெற்ற கற்பனையையும் ஆதாரமாகக் கொண்டு, யூதர் வெள்ளிக்கிழமை அஸ்தமனம் முதல் சனிக்கிழமை இரவு வரை அனுஷ்டிக்கும் புனித காலமே ஓய்வுநாள். கிறிஸ்தவருள் மிகப் பெரும்பாலோர், இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்பது பற்றி ஞாயிற்றுக்கிழமையைப் போற்றுகின்றனர். அந்நாளில் தொழிலை நிறுத்துமாறு கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 321 ஆம் ஆண்டில் ஆணையிட்டபோது, பயிர்த்தொழில் காத்திராது என்று கருதி உழவருக்கு விலக்களித்தான். எத்தியோப்பியத் திருச்சபை இரு நாளையும் விடாது போற்றி வருகிறது.

தமிழகத்தில், 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கின் வழிவந்த லூத்தரன் சபையார் ஓய்வுநாட் கற்பனையைக் கத்தோலிக்கரைப் போல மூன்றாவதாகவும், ஆங்கிலிக்கன் மரபினர் நான்காவதாகவும் எண்ணுவர். வேறுபாடு எண்ணோடு நிற்பதன்று: லூத்தரின் ஞானோபதேசம் வேலையை விடுதலினும் திருவசனத்தைக் கேட்டலையே வற்புறுத்த, இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரிமாருள் பலர் வேலையின்றி இருத்தலையே பெரிதாக மதித்தனர். பழைய திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் பனம்பாளையை நாள்தோறும் சீவாவிடின் பதநீர் நின்றுபோகும். பருவ காலத்தில் ஞாயிறென்று மரமேறாதிருப்பது பனையேறிக்கு எளிதன்று என்பதை, கான்ஸ்டன்டைனின் விலக்கை நினைப்போர் எளிதில் உணர்வர்.

அத்தேரிக்காட்டு நாசரேத்திலேதான் தமிழரின் ஓய்வுநாள் வரலாற்றில் மிகவும் விசேஷமான அதிகாரம் தொடங்கிற்று. அங்கே எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிக்கன் சங்கத்து மிஷனெரி காமரரின் கீழ் ஊழியம் செய்து, அவரோடு முரண்பட்டு விலக்கப்பெற்றவரும், நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849 இல் வெளியிட்ட நூலை வன்மையாகக் கண்டித்தவருமான அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, 1857 இல் மூக்குப்பீறி, பிரகாசபுரம் பகுதியில் ஐரோப்பியருக்குக் கீழ்ப்படாத இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். வேதாகமம் ஆசியாவில் தோன்றியது, மேனாட்டார் வழக்கங்களோ பின்னர் அதன்மேற் படிந்தவை என்பது அவர் துணிபு. ஆகவே சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று, யூதர் பண்டிகைகள் மேற்கொள்ளப்பட்டன, தூபமும் சாஷ்டாங்க வணக்கமும் ஆராதனையில் இடம்பெற்றன, திருவிருந்தில் புளித்த மதுவுக்குப் பதிலாகத் திராட்சைச்சாறு வந்தது. இதை வெறும் ஜாதிச் சண்டையென்று ஒதுக்குவோரும் உளர். மறைநூலைப் பொருள்கொள்ளும் உரிமை யாருடையது என்ற வினாவை ஒரு கிராமத்தார் நாட்காட்டியின் வாயிலாகவே கேட்டனர் என்பதே சரியான அபிப்பிராயமாகத் தோன்றுகிறது.

1863 இல் அமெரிக்காவில் அமைப்புப் பெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார், சனிக்கிழமை ஆசரிக்கும் இத்தமிழரைப் பற்றி அறிந்து வந்து தொடர்புகொண்டனர், அவர்களுள் ஜே. எஸ். ஜேம்ஸ் என்பவர் 1908 இல் பிரகாசபுரத்தில் குடியேறினார். நாளில் ஒன்றுபட்டும், தேசியத் தன்னாட்சிக்காக அந்நாளைக் கொண்டோரும் தீர்க்கதரிசனப் பொருளால் கொண்டோரும் நோக்கத்தில் வேறுபட்டே நின்றனர். ஞாயிறு ஆசரிப்போரிடையே, இன்று கத்தோலிக்கர் ஞாயிற்றுத் திருப்பலிக் கடமையைச் சனி மாலைப் பலியிலேயே நிறைவேற்றலாம். ஞாயிற்றுக்கிழமையின் பொருளை இரண்டாம் ஜான் பால் 1998 இல் ஒரு திருமுகத்தில் விரித்துரைத்தார். தென்னிந்தியத் திருச்சபையிலோ, காலை ஆராதனைக்குப் பின் கடை திறப்பது பற்றிய பழைய கடுமை பெரிதும் தளர்ந்துவிட்டது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆசரிப்பு வேரூன்றியதிலும் தமிழர்க்குப் பங்குண்டு: கார் நிக்கோபாருக்கு 1896 இல் சென்ற வேதப்பன் சாலமோன் என்னும் உபதேசியாரின் மாணாக்கரே, பின்னர் பிஷப்பாக உயர்ந்த ஜான் ரிச்சர்ட்ஸன். சனிக்கிழமை ஆசரிப்போருக்கோ இத்தீவுகளில் ஒரு தனி விசேஷம் உண்டு. ஓய்வு அஸ்தமனத்தில் தொடங்குவதாலும், இந்திய நேரம் எங்கும் ஒன்றேயாதலாலும், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜய புரத்தின் புறநகராகிய டாலிகஞ்சில் வாழும் ஒருவருக்குப் பிரகாசபுரத்து உறவினரினும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே அது தொடங்கும். கார்த்திகையில் மாலை ஐந்து மணியளவிலேயே அடுப்பு வேலையை முடித்தாக வேண்டும். பசிபிக் தீவாகிய சமோவாவில் நாள் நேரக் கணக்கால் எழும் இத்தகைய சிக்கல் முற்றியது: 2011 டிசம்பர் 30 ஆகிய வெள்ளிக்கிழமையை அந்நாட்டு அரசு நாட்காட்டியினின்று நீக்கிவிடவே, ஏழு நாட் சுழற்சி குலையலாகாதென்று அங்குள்ள அட்வென்டிஸ்டு சபை இப்போது ஞாயிறெனப்படும் நாளையே ஓய்வுநாளாகக் கொள்ள, அதற்கு உடன்படாத சிலர் பிரிந்து சனிக்கிழமையிலேயே கூடுகின்றனர்.